சோறு விற்ற வீடு

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு நான் பெற்றது, ஒன்று தாயில்லாமல் வந்து சேர்ந்த நாத்தனார் மகன். ஐந்து பேருக்கும் ஒரே சட்டியில்தான் குழம்பு. எது நான் பெறாதது என்று வெளியூர்க்காரர்களால் இன்றைக்கும் கண்டுபிடிக்க முடியாது. படிப்பு எனக்கு மூன்றாவதோடு சரி. பஸ் போர்டு வாசிப்பேன். பூசைப் புத்தகத்தில் பாதி வாசிப்பேன், மீதி மனப்பாடம். அப்படிப்பட்டவள்தான் சுருளி அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, டெல்லிக்காரர்களையும் வெள்ளைக்காரர்களையும் தங்கவைத்து, காலைச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். எப்படி ஆரம்பித்தாய் என்று கேட்கிறவர்கள் நிறைய. அதனால் கூடப்பிறந்த அண்ணன் எனக்கு இல்லாமல் போகப் பார்த்ததை யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

திராட்சை நல்ல விலைக்குப் போன காலத்தில் என் வீட்டுக்காரர் கட்டிய மாடி வீடு அது. மேலே மூன்று அறை, பையன்களுக்கு என்று. கட்டி முடித்த மறுவருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்தவனும் நாத்தனார் மகனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். மூன்றாமவன் கோயம்புத்தூர். இரண்டாமவன் குமுளியில் ஜீப் ஓட்டினான், வாரம் ஒருநாள் வருவான். அத்தனை பெரிய வீட்டில் நானும் கடைசி மகளும் மட்டும். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. காலை எட்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். அப்புறம் என்ன செய்வது?

ஒரு இடத்தில் உட்கார எனக்கு வராது. துடைத்த அறையையே மறுபடி துடைப்பேன். பஸ் சத்தம் கேட்டால் வாசல் கேட் வரைக்கும் போய்ப் பார்ப்பேன். யாரும் இறங்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் போவேன். ஆனி ஆடியில் எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று ஆளையே தள்ளும். மாடியில் ஒரு கதவு அடிக்கும், ஏறிப் போய்ச் சாத்துவேன். இறங்கினதும் அடுத்தது அடிக்கும்.

"யம்மா, உனக்கென்ன காலுல சக்கரமா? செத்த உக்காரு," என்பாள் மகள்.

"உக்காந்தா வீடு பேசுது," என்பேன்.

ஒரு கிறிஸ்துமஸ் லீவு. குமுளியில் லாட்ஜெல்லாம் நிறைந்துபோய், ஈரோட்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு நடுரோட்டில் நின்றிருக்கிறது. என் மகன் ஜீப்பில் ஏற்றி மலையிறங்கி வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "மாடி சும்மாதான கெடக்கு," என்றான். நான் பெட்ஷீட்டை உதறிப் போட்டேன். காலையில் இட்லி, கேப்பைப் புட்டு, தேங்காய்ச் சட்னி, குழந்தைக்குப் பருப்புச் சாதம். நெடுநாள் கழித்து அடுப்பில் இரண்டு பக்கமும் பாத்திரம் ஏறிய சந்தோஷம் எனக்கு.

புறப்படும்போது அந்தப் பெண் என் கையில் பணத்தை வைத்தாள். நெருப்பைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டேன். "என்னம்மா இது, விருந்தாளிகிட்ட காசு வாங்குவாகளா?"

அவள் சிரிக்கவில்லை. "நீங்க வாங்கலேன்னா நாங்க மறுபடி இங்க வரவே முடியாதும்மா," என்றாள். "ஒருதடவை சும்மா சாப்பிடலாம். ரெண்டாந்தடவை எந்த முகத்தோட வருவோம்?"

அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் வாங்கவில்லை, அவர்களும் திரும்ப வரவில்லை. கேட்டு வரைக்கும் நடந்துபோய் நிற்கும்போதெல்லாம் அவள் சொன்னதுதான் காதில் கேட்டது. அடுத்து மகன் கூட்டி வந்தவர்களிடம் வாங்கிக்கொண்டேன். எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர்கள் பொங்கலுக்குத் திரும்ப வந்தார்கள்.

அப்படித்தான் ஆரம்பம். குமுளியில் மலையாளத்துக்காரர்கள் இதற்கு ஹோம் ஸ்டே என்று பெயர் வைத்துப் போர்டு மாட்டியிருந்தார்கள். என் மகனும் ஒரு போர்டு எழுதி மாட்டினான். ஊரில் எல்லோரும் அதை 'தங்குற வீடு' என்றார்கள்.

தெரியாமல் செய்த கூத்து கொஞ்சமா? எங்கள் வீடுகளில் அறைக்குள்ளே இருந்து தாழ்ப்பாள் போடுகிற வழக்கமில்லை. முதன்முதலாக வந்த புதுமாப்பிள்ளை பெண் இருந்த அறைக்கு, மாதா கோவில் மணி அடித்ததும் விடிவதற்கு முன்னாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு காப்பியோடு போய் நின்றேன். அந்தப் பிள்ளை போர்வையை இழுத்த வேகத்தில் காப்பி டம்ளர் எகிறியது. அன்றைக்கே ஆசாரியை வரவழைத்து உள்தாழ்ப்பாள் போட்டேன். ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற பழக்கம் எனக்கு வரச் சில மாதம் ஆயிற்று. என் வீட்டுக் கதவை நானே தட்டுவதா என்று இருக்கும்.

இன்னொன்று, போதும் என்று சொன்னால் நான் விடமாட்டேன். எங்களிடம் முதல் 'போதும்' மரியாதைக்குச் சொல்வது; அதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும். ஒரு வெள்ளைக்கார அம்மாள் போதும் என்று தட்டுக்குமேல் கையை வைத்து மறைத்தார். விரலிடுக்கில் ஒரு பணியாரத்தை நுழைத்துவிட்டேன். அவர் புருஷன் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார். அதற்கப்புறம் மகள்தான் என் கையைப் பிடித்து இழுப்பாள். "விடும்மா, அவுக வயிறு என்ன நெல்லுக் குதிரா?"

இப்படி வீட்டில் ஆள் நடமாட்டம் வந்தது. என் காலுக்கும் வேலை வந்தது. அப்போதுதான் அண்ணன் வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. எனக்குத் தகப்பன் மாதிரி. வீட்டுக்காரரை அடக்கம் பண்ணிய அன்றைக்கு என் பிள்ளைகளைத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டு நின்ற மனுசர்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்று போர்டை மேலும் கீழும் பார்த்தார். நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கவில்லை.

"ஏத்தா, சோறுக்கும் சேத்தா காசு வாங்குற?"

"ஆமாண்ணே. தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் சேத்துத்தான்."

"எங்க அய்யா காலத்துல சுருளிக்கு நடந்து போற சனம் பூராம் நம்ம வீட்டுலதான் கஞ்சி குடிச்சுட்டுப் போகும். யாரு என்னன்னு கேட்டிருப்பாகளா? ஒரு செம்புக்காசு வாங்கிருப்பாகளா? அவுக பெத்த மக சோறு விக்கிறா. நல்லாருக்கு."

"உள்ள வந்து பேசுங்கண்ணே, ரோட்டுல நின்னுக்கிட்டு..."

"உள்ளயா? இந்தப் போர்டு தொங்குற மட்டுக்கும் உன் வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

எங்கள் பக்கம் கை நனைப்பது என்றால் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. சம்பந்தம் பேசப் போனால்கூட, பேச்சு முடிந்த பிறகுதான் கை நனைப்பார்கள். அடித்துக்கொண்டவர்கள் சேர்ந்துகொள்ளலாம். கை நனைக்கமாட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் உறவு அறுந்துபோயிற்று என்று அர்த்தம். அண்ணன் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். செம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தது. கோவிலில் ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். பூசை முடிந்தால் அவர் முன்வாசல் வழியாகப் போவார், நான் பக்கவாசல். அண்ணன் சம்சாரம், என் மதினி மட்டும் யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கமாக வந்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என் கழுத்துலயும் ஒரு போர்டு மாட்டி வெரட்டிருவாக," என்று சிரித்துக்கொண்டு போவாள். தங்க வருகிறவர்கள் பெருகினார்கள். கைப்பேசி வந்த பிறகு மெட்ராஸில் இருந்தே கேட்டுவிட்டு வந்தார்கள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடந்து பார்க்க, அருவியில் குளிக்க. எனக்கு ஓட்டம்தான். ஆனால் ஓட்டத்துக்கு நடுவிலே, யாருக்கு இலை போட்டாலும், வாசல் பக்கம் ஒரு பார்வை போய்விட்டு வரும்.

அப்புறம் மகளுக்குச் சின்னமனூரில் இருந்து சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பையன் வாத்தியார். எல்லாம் பேசி முடித்தார்கள். எழுந்திருக்கும்போது பையனுடைய பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: "பொண்ணோட தாய்மாமனக் காணமே?"

மகன் ஏதோ சொல்லி மழுப்பினான். அவர் விடவில்லை. "வெளியூரா இருந்தா சரி. உள்ளூர்லயே இருக்காகன்னு கேள்விப்பட்டோம். தாய்மாமன் மாலை போடாத பொண்ண நாங்க எப்படிக் கூட்டிட்டுப் போறது? ஊரு ஆயிரம் பேசும்லம்மா."

கல்யாணத்தன்று பெண் வீட்டில் தாய்மாமன் சாப்பிட்டு, பெண்ணுக்கு மாலை போட்டு, அவர் முன்னால் நடக்கத்தான் பெண் கோவிலுக்குப் புறப்படும். சாப்பிடாதவர் மாலை போடமாட்டார். அதற்கு மாற்று ஆள் கிடையாது. என் கூடப்பிறந்தது அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு வாசிப்பதுதான் ஓலை. சாமியார் வாசித்து நிறுத்தியபோது என் கண் ஆண்கள் பக்கம் போனது. அண்ணன் பீடத்தையே பார்த்துக்கொண்டு கல் மாதிரி இருந்தார்.

அன்று மத்தியானம் பையன்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள். மூத்தவன் ஒரு வழி சொன்னான்.

"யம்மா, மாமா கோவம் சோத்து மேலதான? ரூமுக்கு மட்டும் வாடகைன்னு வச்சுக்குவோம். சோறு சும்மா போடுறோம்னு சொல்லிருவோம். வாடகையக் கொஞ்சம் கூட்டிக்கிட்டாப் போச்சு. மாமாவுக்கும் மரியாதை, நமக்கும் நட்டமில்ல."

கெட்டிக்கார யோசனைதான். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் உடம்பு எரிந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன், வாசலுக்கும் அடுப்படிக்கும்.

"கட்டில் ஆசாரி செஞ்சது. வீடு உங்கப்பா கட்டுனது. காத்தும் அருவியும் சாமி கொடுத்தது. இதுல என்னுது எது? சோறு ஒண்ணுதான் என்னுது. அதுக்குப்போய் வெல இல்லேன்னு சொல்லச் சொல்றீகளா?"

மகள் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். அழுது கண் சிவந்திருந்தது.

"உன் இட்லி பெருசா, என் கல்யாணம் பெருசாம்மா?"

அந்த வாரம் முழுக்க நான் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஊறப்போட்ட உளுந்தை மறந்தேன். வந்தவர்களுக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்தேன். போர்டைக் கழற்றிவிடுவோமா என்று ஸ்டூல் போட்டு ஏறுவேன். ஆணியில் கை வைத்ததும் இறங்கிவிடுவேன். ரோட்டில் போகிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

கடைசியில் நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மதினி சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். அண்ணன் பார்க்கப் பார்க்க உட்கார்ந்து சாப்பிட்டேன். நான் கை நனைத்துவிட்டேன், உங்கள் முறை என்பதுபோல. அவருக்குப் புரியாமல் இல்லை.

"போர்டக் கழட்டு. அந்த நிமிசமே வாரேன்."

"கழட்ட மாட்டேண்ணே."

"பெறகு எதுக்கு வந்த?"

"அய்யா ஊருக்கே கஞ்சி ஊத்துனாகன்னு சொன்னீகளே, அந்தக் கஞ்சியக் காச்சுனது யாரு? ஆத்தா. வெறகு கொண்டாந்தது யாரு? நானு. அய்யாவுக்குப் பேரு, ஆத்தா கையில கொப்புளம். அவ சாகுற மட்டும் ஒரு ஆளு அவ கைக்கு வெல வச்சுக் குடுத்ததில்ல. என் கைக்குக் குடுக்கிறாக. நான் வாங்குறேன்."

அண்ணன் முகம் கறுத்தது. "எங்க ஆத்தா தானமாப் போட்டா. நீ வியாபாரமாப் போடுற. ரெண்டும் ஒண்ணா?"

"ஆத்தாகிட்ட யாரு கேட்டா, தானமாப் போடுறியா வியாபாரமாப் போடுறியான்னு?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மதினி என் தட்டை எடுத்துக்கொண்டே, "ரொம்பப் பேசிட்டீக," என்றாள். பேசிவிட்டேன்தான். வழியெல்லாம் மகள் முகம்தான் கண்முன்னால். வாய் நீளம் என்று என்னை நானே வைதுகொண்டு வந்தேன்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. அந்த ஞாயிறு நான் முந்தின நாள் சாயங்காலப் பூசைக்கே போய்விட்டு வந்து வீட்டில் இருந்தேன். மெட்ராஸில் இருந்து ஒரு கூட்டம் தங்கியிருந்தது. கீழே நீள மேசையில் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பணியாரக் கல் முன்னால் நிற்கிறேன். மகள் ஓடி வந்தாள். கையை நீட்டி வாசலைக் காட்டினாள். எட்டிப் பார்த்தால், அண்ணன்.

பூசைக்கு உடுத்திய வெள்ளை வேட்டி சட்டையோடு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நேரே வந்து, மெட்ராஸ்காரர்களுக்குப் பக்கத்தில் பெஞ்சுக் கோடியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேசையைத் தட்டினார்.

"என்ன இருக்கு?"

கடையில் கேட்பதுபோல! 'வாங்கண்ணே' என்று நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். கடைக்காரியாகக் கேட்டால் கடைக்காரியாகத்தான் பதில்.

"இட்லி, பணியாரம், கேப்பைப் புட்டு இருக்கு. தோசைன்னா செத்த நேரமாகும்."

"ஆறிப்போகாததா எது இருக்கோ, வையி."

இலை போட்டேன். தண்ணீர் வைத்தேன். அவர் அந்தத் தண்ணீரில் கையை நனைத்து இலையில் தெளித்தார். அடுப்படியில் மகள் என் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இட்லி வைத்தேன், சட்னி ஊற்றினேன். சாப்பிட்டார். மறுபடி வைக்கப் போனேன். "போதும்," என்றார். நிறுத்திவிட்டேன். நிமிர்ந்து ஒரு முறை முறைத்தார்.

"ஏன், கடையில ஒருதரம் போதும்னா விட்டுருவாகளோ?"

இன்னும் இரண்டு வைத்தேன்.

"சட்னியில உப்பு ஒரு கல்லு கூட," என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அந்த மெட்ராஸ்காரர் பாவம், "நல்லாத்தான சார் இருக்கு," என்றார். "நீங்க இவுக ஆத்தா வச்ச சட்னி சாப்பிட்டதில்ல, அதனால சொல்றீக," என்றார் அண்ணன்.

கை கழுவிவிட்டு வந்தவர் இடுப்பில் இருந்து ஒரு நோட்டை எடுத்து, டம்ளருக்கு அடியில் வைத்தார். மகள் "அய்யோ" என்றாள். என் மூத்தவன் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டான். அண்ணன் கையால் காசா என்று எனக்கும் இருந்தது. 'எடுங்கண்ணே, உங்ககிட்டயா வாங்குவேன்' என்று சொன்னால் எல்லாம் சுமுகமாக முடியும். ஆனால் அப்படிச் சொன்னால், இத்தனை வருஷம் நான் வாங்கியது கேவலம் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அவர் அதைப் பார்க்கத்தான் வைத்தாரோ, என்னவோ.

எடுத்துக்கொண்டேன். உள்ளே போய் மீதிச் சில்லறை கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சரியா இருக்கா பாத்துக்கிடுங்க."

எண்ணிப் பார்த்தார்! எண்ணி, இடுப்பில் முடிந்துகொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டு வரைக்கும் போனவர், அங்கே இருந்து, தெருவுக்கே கேட்கிறமாதிரி மூத்தவனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே, மாலைக்கு எங்கன சொல்லிருக்கீக? கம்பம் மார்க்கெட்டுல வேண்டாம், வாடுன பூவா வச்சிக் கட்டுவான். நான் சின்னமனூர்ல சொல்லிக்கிடுறேன்."

மகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மெட்ராஸ்காரப் பெண்ணொருத்தி பயந்துபோய், "யாரும்மா அவர்? ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சாப்பிட வந்தவரு," என்றேன்.

அண்ணன் வீட்டில் என்ன பேசினார் என்று மதினி பிறகு சொன்னாள். "என் தங்கச்சி வீட்டுல நான் கை நனைக்கல. கடையில காசு குடுத்துச் சாப்பிட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றாராம். மதினி, "அப்ப மாலை போடுறது?" என்று கேட்டிருக்கிறாள். "அந்த வீட்டு இலையில சாப்பிட்டேன்ல? வேற என்ன வேணும் அவிங்களுக்கு?" என்றாராம். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவருக்கே சரி.

கல்யாணம் நல்லபடி நடந்தது. அண்ணன் மாலை போட்டு, முன்னால் நடந்து, மகளைக் கோவிலுக்குக் கூட்டிப் போனார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா கண்ணாலேயே எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்தால் அண்ணன் நேரே இங்கே வருவார், பெஞ்சுக் கோடியில் உட்காருவார், சாப்பிடுவார், குறை சொல்வார், காசு வைப்பார். நான் எடுத்துக்கொள்வேன். அவர் 'ஏத்தா' என்று என்னைக் கூப்பிடுவது சாப்பிட்டு எழுந்த பிறகுதான். அதுவரைக்கும் கடைக்காரி.

ஒன்று மட்டும் எனக்குள் அடங்காமல் கிடக்கிறது. அந்த முதல் ஞாயிற்றில் அவர் அண்ணனாக வந்தாரா, அல்லது மருமகளுக்கு மாலை போட வேறு வழியில்லாமல் வந்தாரா? என்னை மன்னித்துச் சாப்பிட்டாரா, ஜெயித்துச் சாப்பிட்டாரா? ஒருநாள் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். இலையைப் போட்டதும் வாய் வராது. அதனால்தான் இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்தியை எழுதச் சொன்னேன். எழுதிவிட்டாலும் மனசு அங்கேயும் இங்கேயும் நடக்கிறது, உட்காரமாட்டேன் என்கிறது.

இன்றைக்கும் ஞாயிறு. கோவிலில் பாட்டுச் சத்தம் நின்றுவிட்டது, கடைசி ஆசீர்வாதம் கொடுக்கிறார்கள்போல. ஏத்தா, பேனாவ மூடு. உங்க தாத்தா வந்து பெஞ்சுல உக்காருறதுக்குள்ள மொதல்ல இருந்து ஒருதரம் வாசி. மெதுவா வாசி, நான் நின்னுக்கிட்டே கேட்டுக்கிடுறேன்.